தோட்டம் என்ற சொல்லும் பாட்டியின் பெயரும்

ஹிப்-ஹொப் என்றதும் நமது இலக்கியக் கூட்டங்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது இளைஞர்களின் கூச்சல், அமெரிக்காவின் கழிவு என்பது அவர்களது தீர்ப்பு. தீர்ப்பு வழங்குவதற்கு முன் ஒரு விடயத்தைக் கவனிப்பது நல்லது. கடந்த 20 ஆண்டுகளில் தமிழர் வாழ்வைக் கடல் கடந்த காதுகளுக்குக் கொண்டு சென்ற இசைத் தொகுப்புகளில் மூன்று, குடும்பத்தாரின் பெயரைத் தாங்கி வந்தவை: 2005இல் ‘அருளர்’, 2007இல் ‘கலா’, 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’. முதலாவது தந்தையின் பெயர், இரண்டாவது தாயின் பெயர், மூன்றாவது பாட்டியின் பெயர். அந்தப் பாட்டி நமது மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். ஆகவே இது ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் நாமும் பேச வேண்டிய விடயமாகிறது.

இசை மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்ற வாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. அது ஆலிம்களின் களம். றப் என்பது முதலில் சொல். தாளம் அதற்குத் துணை. 1999இல் வந்த தனது ‘பிளாக் ஒன் போத் சைட்ஸ்’ தொகுப்பை பிஸ்மி சொல்லித் தொடங்கினார் நியூயோர்க்கின் மொஸ் டெஃப். பின்னர் யாஸீன் பே என்று பெயரை மாற்றிக்கொண்டவர் அவர். சொல்லைப் பொறுப்புடன் எடுத்தாள்வோர் அந்த உலகிலும் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

‘அருளர்’, ‘கலா’ இரண்டும் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் படைப்புகள். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைத் தாளக் கருவியை வைத்துக்கொண்டு ‘அருளர்’ பாடல்களின் முதல் வடிவங்களை அவர் செய்தார். அந்தத் தொகுப்பின் சிக்கனமான, கரடுமுரடான ஓசைக்குக் காரணம் அந்தக் கருவிதான். ‘கலா’வை அமெரிக்காவில் பதிவுசெய்ய எண்ணியிருந்தவருக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா என்று அலைந்து ஒலிகளைத் திரட்டினார். சென்னையில் உறுமி மேளக்காரர்களைப் பதிவுசெய்தார். மூடிய ஒரு கதவு இன்னொரு இசையை உண்டாக்கிற்று.

‘அருளர்’ என்பது தந்தையின் இயக்கப் பெயர். ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர், ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர். ஈழ இயக்கங்களுள் மலையக மக்களைத் தமது அரசியலின் மையத்துக்குக் கொண்டுவர முனைந்தது ஈரோஸ். ஆனால் மகளின் தொகுப்பில் தேயிலை மலைக்கு இடமில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவரவர் அவரவர் வீட்டுக் கதையையே பாடுகிறார்கள். மலையகத்தின் கதையைப் பாட மலையகத்தின் பேரன் ஒருவன் வரவேண்டியிருந்தது. அவனும் இங்கிருந்து வரவில்லை, அரக்கோணத்திலிருந்து வந்தான்.

1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள் இவர்கள். தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களை நாம் ‘இந்தியாக்குப் போனவங்க’ என்றோம். அங்குள்ளவர்கள் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். இரண்டு கரையிலும் அவர்கள் அந்நியர். அறிவு என்ற கவிஞரின் பாட்டி வள்ளியம்மாள் இந்தத் திரும்பிப் போன கூட்டத்தைச் சேர்ந்தவர்.

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது, கானா பாடகர்களோடு அறிவும் நின்றார். 2019இல் ஒஃப்ரோவின் இசையில் வந்த ‘தெருக்குரல்’தான், என் கணிப்பில், அவரது சொல்வன்மை முழுமையாக வெளிப்பட்ட தொகுப்பு. எதுகையையும் மோனையையும் அவர் அலங்காரமாகக் கையாளவில்லை. ஒரு வாதத்தின் படிகளாகக் கையாள்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது ‘சண்ட செய்வோம்’ பாடினார். அயல்நாடுகள் மூன்றிலிருந்து வந்த முஸ்லிமல்லாதோருக்குக் குடியுரிமைக்கு வழிதிறந்து, முஸ்லிம்களைப் பெயர் சொல்லாமல் விலக்கிய சட்டம் அது. இலங்கைத் தமிழ் அகதிகளையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு சட்டத்தின் ஒரு வரியால் பாட்டியின் சமூகம் நாட்டை இழந்தது. பேரன் இன்னொரு சட்டத்தின் ஒரு வரிக்கு எதிராக முஸ்லிம்களின் பக்கம் நின்று பாடினான். நமது வட்டத்தில் இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில், தீயும் அறிவும் பாடி ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. பாட்டியின் கதையிலிருந்தும் ஒப்பாரியின் மெட்டுப் போக்கிலிருந்தும் எழுந்த பாட்டு. காணொளியில் வள்ளியம்மாளே தோன்றுகிறார். ‘என் சாமி’ என்பது நம் லயங்களில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் சொல். கூலிக்காரர் எசமானைக் கூப்பிட்ட சொல்லும் அதுவே. கொஞ்சலும் அடிமைத்தனமும் ஒரே சொல்லில் குடியிருப்பதைத் தலைப்பிலேயே பிடித்துக்கொண்டது இப்பாட்டின் பெரிய வெற்றி.

பாட்டில் ‘தோட்டம்’ என்ற சொல் வருகிறது. மரம் வளர்த்தும் தொண்டை நனையாதவரின் முறையீட்டோடு அது வருகிறது. தமிழ்நாட்டில் இதைக் கேட்பவருக்குத் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னாலுள்ள வாழையும் கத்தரியும். உலகத்தார் அதை இயற்கையைப் போற்றும் பாடலாகக் கேட்டார்கள். கொட்டகலையிலோ நோர்வூட்டிலோ கேட்பவருக்குத் தோட்டம் என்றால் பிரட்டுக்களம், கங்காணி, கொழுந்துக்கூடை, லயத்தின் பத்தடி அறை. அதே சொல்தான், ஆனால் வேறு பாட்டு. பாட்டு மலையகத்தைப் பெயர் சொல்லியிருந்தால் உலகம் சுற்றியிருக்குமா என்று தெரியாது. சொல்லாததால் ‘மண்’, ‘மூதாதையர்’ என்ற பொதுமைக்குள் அந்த மலை கரைந்து போயிற்று என்பதே என் விமர்சனம். உறுதியான தாளம், மறக்க முடியாத மெட்டு, தீயின் குரலில் உள்ள வறண்ட துக்கம் எல்லாம் இருந்தும், ‘தெருக்குரல்’ கொண்டிருந்த குறிதவறாத கோபம் இதில் மங்கலாகத்தான் இருக்கிறது.

பிறகு பெயர்ச் சண்டை வந்தது. 2021 ஓகஸ்டில் ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. தானே எழுதி, இயற்றி, பாடியதாக அறிவு அறிக்கை விட்டார்; மூவரின் கூட்டுப் படைப்பு, உரிமையும் வருமானமும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024இல் அவரே, இந்தப் பாட்டால் தங்களில் எவருக்கும் ஒரு சதமும் வந்து சேரவில்லை என்றும் பகிரங்கமாகச் சொன்னார். யார் சரி என்று நடுவராக அமர எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேள்வி புதியதல்ல. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஒன்’ 1971இல் வந்தபோதுதான், மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரின் பெயர்கள் முதன்முறையாக ஓர் அட்டையில் அச்சாயின. லோறின் ஹில்லின் 1998ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பின் அவரோடு உழைத்த நால்வர் தமது பங்கைக் கோரி நீதிமன்றம் போனார்கள், 2001இல் சமரசமாயிற்று. கூட்டாகச் செய்யும் கலையில் ஒளி ஒருவர் மீது விழும், உழைப்பு பலருடையதாக இருக்கும்.

இந்த வழக்கில் கட்சிக்காரராக ஒருவரையும் சேர்க்காமல் விட்டுவிட்டோம். ஒப்பாரி பாடிய பெண்ணைச் சொல்கிறேன். மலையகத்தில் பாட்டு அரசியலாவது இன்று நேற்றல்ல. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். தம் பாடல்களை 1940இல் புத்தகமாகவும் வெளியிட்டார். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கிழக்கில் எஸ். முத்துமீரான் போன்றோர் முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைத் திரட்டினர். இந்த உழைப்புகள் இல்லையேல் எதுவும் மிஞ்சியிராது. ஆயினும் பொதுவாக நாட்டார் பாடல் தொகுப்பு என்றால் தொகுத்தவரின் பெயர் அட்டையில் நிற்கும், பாடியவளின் பெயர் நிற்காது. ‘நாட்டார்’ என்ற சொல்லே பெயரைத் துடைத்துவிடுகிறது. றபானைத் தட்டிக்கொண்டு ஊரூராக வந்த பாவாமார்களின் பாடல்களுக்கும் இதுவே கதி. கேட்டோம், காசு போட்டோம், யார் இயற்றியது என்று கேட்கவில்லை.

அதனால்தான் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற தலைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அறிவு தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்த வேளையில், பாட்டியின் பெயரை முன்னால் வைத்துத் தன்னைப் பேராண்டி என்று பின்னால் வைத்தார். பெயருக்கான வழக்குக்கு ஒரு கலைஞன் தரக்கூடிய நேர்மையான பதில் இதுவென்றே படுகிறது.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். பேச்சுகள் நிகழ்ந்தன, மலர்கள் வெளிவந்தன. இன்று எந்தத் தோட்டத்து இளைஞனின் கைப்பேசியிலும் பாட்டைப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. எம்.ஐ.ஏ.விடம் இருந்த ஒற்றைக் கருவியை விட அது குறைந்ததல்ல. தப்படிக்கும் முதியவர்களும் ஒப்பாரி தெரிந்த பாட்டிமாரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பாவாமார் சிலரும் இருக்கிறார்கள். நமது எழுத்தாளர்கள் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி அவர்களிடம் போகவேண்டும். பாட்டைப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன், பாடுகிறவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தொகுப்பு அரக்கோணத்திலிருந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.