பொதுநலனும் தனிப்பங்கும்: லிண்டாலின் வரிக் கொள்கை குறித்து ஒரு திறனாய்வு

ஸ்வீடன் நாட்டுப் பொருளியலறிஞர் எரிக் லிண்டால் வரிவிதிப்பில் நீதி பற்றி 1919ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்றளவும் பொருளியல் மாணவர்க்குப் பாடமாக விளங்குகிறது. நாட்டுப் பாதுகாப்பு, தெருவிளக்கு போன்றவற்றை அனைவரும் ஒரே அளவில் துய்க்கின்றனர். ஆதலால் செலுத்தும் பங்குதான் ஆளுக்காள் வேறுபட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு விளக்குக்கு 100 ரூபாய் எனில், ஒருவருக்கு 70, மற்றவருக்கு 30 எனப் பங்கு குறிப்போம். அப்பங்கில் இருவரும் ஒரே எண்ணிக்கையிலான விளக்குகளை வேண்டுவாராயின், அதுவே ஏற்ற பங்கீடாகும்.

வரிக்குச் செலுத்துவோரின் ஒப்புதலே அடிப்படை என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது இதன் சிறப்பு. எனினும், தன் விருப்பத்தைக் குறைத்துச் சொல்பவனுக்கே இதில் இலாபம் என்பதை 1954இல் பால் சாமுவெல்சன் சுட்டினார். அதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. ஒருவர் தர விழைவது அவரிடம் உள்ள செல்வத்தைப் பொறுத்தது. சொத்துப் பங்கீட்டில் நீதியில்லையேல் வரியிலும் நீதியிராது என லிண்டாலின் முன்னோடி விக்ஸெல் 1896இலேயே உணர்த்தியிருந்தார்.

நம் ஃபிக்ஹின் ஃபர்ளு கிஃபாயா, பயனிலிருந்தன்றிக் கடமையிலிருந்து தொடங்குகிறது. ஆயினும் பெருமிதம் கொள்ளுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சிலர் நிறைவேற்றினால் ஏனையோர்மீது கடமை நீங்கும் என்ற விதி, பிறர் செய்யட்டும் எனக் காத்திருப்போருக்கும் இடமளிக்கிறது. எவரும் செய்யாவிடில் இயன்றோர் அனைவரும் குற்றவாளிகள் என்பது ஃபுகஹாக்களின் மறுமொழி. மறுமை அச்சம் தளர்ந்தவரிடத்தில் இது போதாது. ஸகாத்தோ எட்டு வகையினர்க்கு வரையறுக்கப்பட்டது. பாலங்களுக்கு அதைச் செலவிடப் பெரும்பான்மை ஃபுகஹாக்கள் இசையவில்லை. ஆகவேதான் பைத்துல்மால் வறண்டு, படைச்செலவுக்குப் பொருளில்லாதபோது, செல்வர்மீது ஆட்சியாளர் வரி விதிக்கலாம் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்-முஸ்தஸ்ஃபா'வில் இடமளித்தார்கள்.

அவ்வரிக்கும் நிபந்தனை உண்டு. 1260இல் நிகழ்ந்த அய்ன் ஜாலூத் போருக்கு முன், மங்கோலியரை எதிர்க்க எகிப்து மக்களிடம் பொருள் திரட்டலாமா என்னும் கேள்வி குதுஸின் அவையில் எழுந்தது. பைத்துல்மாலில் எதுவும் எஞ்சியிருக்கலாகாது. அமீர்கள் பொற்கச்சைகளை விற்று, குதிரையும் ஆயுதமும் மட்டுமே உடையவராய்ப் பொதுமக்களுக்குச் சமமாக வேண்டும். அதன் பின்னரே மக்கள் பொருளைப் பெறலாம் என ஷைகு இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தீர்ப்புரைத்தார்கள்.

பங்கைக் கணக்கிடும் நுட்பத்தை லிண்டாலிடம் நாம் கற்கலாம். நம் நூல்களில் அது விரித்துரைக்கப்படவில்லை. ஆனால் முதலில் யார் தர வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய கணக்கில் விடையில்லை. இஸ்லாமியப் பொருளியல் எழுதுவோர் இவ்விரண்டையும் இணைக்கும் பணியை இனியேனும் மேற்கொள்ள வேண்டும்.