கல்லைக் கண்ட கண்

ராபர்ட் பைரன் என்னும் ஆங்கிலேயர் 1933–34ஆம் ஆண்டுகளில் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வாடகை மோட்டாரிலும் லாரியிலும் நெடுந்தொலைவு சுற்றி, 1937இல் வெளியிட்ட பயண நூல் 'ஆக்ஸியானா பாதை'. கட்டடக் கலையை வருணிப்பதில் இதற்கு இணை அரிது. ஹிராத்தில் கவ்ஹர்ஷாத் பேகம் எழுப்பிய பள்ளிவாசல், மதரஸாத் தொகுதி, ரஷ்யப் படையெடுப்புக்கு அஞ்சி 1885இல் இடிக்கப்பட்டதில் தம் நாட்டு அதிகாரிகளுக்கிருந்த பங்கை அவர் மறைக்கவில்லை. அந்நேர்மையை நாம் மெச்சுகிறோம்.

ஆயினும், அக்கலையைப் படைத்தோரின் வழிவந்த மக்கள் பல இடங்களில் நகைப்புக்கே ஆளாகின்றனர். மஷ்ஹதில் அப்பேகத்தின் பள்ளிவாசலுள் மாறுவேடத்தில் நுழைந்தவர், தொழுதோரின் உள்ளத்துள் நுழைய முயன்றாரில்லை.

மனிதரின் குணத்தைத் திரைவிலக்கிக் காட்டுவதாலேயே பயணத்திற்கு 'சஃபர்' எனப் பெயர் வந்ததென்பர் அரபு மொழியறிஞர். இந்நூல் கட்டடங்களின் அழகைத் திரைவிலக்கிக் காட்டுகிறது, கூடவே, ஆசிரியரையும்.