வடமோடியும் தென்மோடியும்: ஒரு புள்ளிக் கேள்வியும் களரியின் பரீட்சையும்

நாடக வரலாற்றை வைத்து நடக்கும் வினாடி வினாவில் மட்டக்களப்புக்கென்றே ஒரு கேள்வி இருக்கும்: கூத்தின் இரு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வேறுபாடு? பிள்ளைகள் பதிலை மனப்பாடமாய் வைத்திருப்பார்கள். வடமோடி என்றால் பாரதமும் இராமாயணமும், போர், முடிவில் சாவு. தென்மோடி என்றால் காதல், முடிவில் கல்யாணம். புள்ளி கிடைத்துவிடும். அதே பதிலைப் படுவான்கரைக் கிராமமொன்றில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் சொன்னால், "சரி தம்பி, ஆடிக் காட்டு பாப்பம்" என்பார். அங்கேதான் பரீட்சை தொடங்குகிறது.

அந்தப் பதில் முற்றாகப் பிழையல்ல. பெரும்பான்மைக்குப் பொருந்தும். ஆனால் வி. சீ. கந்தையா பதிப்பித்த அனுவுருத்திர நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணனின் பேரன் கதை, வடநாட்டுப் புராணம், கூத்தோ தென்மோடி. கதையை மட்டும் பார்த்து மோடியைத் தீர்மானிக்கப் போனால் இங்கே வழுக்கிவிடும். மோடி என்பது காலிலும் தொண்டையிலும் உடுப்பிலும் இருக்கிறது. வடமோடி ஆட்டம் ஆடுகளமான களரியை அகலமாய் எடுத்துக்கொள்ளும். மிதியில் வீறு இருக்கும். அரசர்களுக்குக் கூடைபோல் விரிந்த கரப்புடுப்பு. அந்தப் பாரத்தைச் சுமந்தபடியே சுற்றிச் சுழல வேண்டும். தென்மோடியில் உடுப்பு இலேசு, தாளக்கட்டு நுணுக்கம், பாட்டில் இழுவை அதிகம். பார்க்கிறவருக்கு வடமோடி கடினமாகத் தெரியும். ஆடிப் பழகியவரைக் கேட்டால் தென்மோடிதான் காலைக் கட்டும் என்பார். என் கணிப்பும் அதுவே.

இரண்டு மோடிக்கும் களரி ஒன்றுதான். மண்ணை வட்டமாக உயர்த்திய வட்டக்களரி, சுற்றிலும் நட்ட கம்புகள், மேலே வெள்ளைத் துணி. நடுவில் மத்தள அண்ணாவியார், தாளக்காரர், பிற்பாட்டுப் பாடும் சபையோர், கொப்பியைப் பார்த்துப் பாட்டு எடுத்துக்கொடுக்கும் ஏட்டண்ணாவியார். நாலு புறமும் சனம். இந்த அமைப்பே தரத்தின் முதல் விதியை எழுதிவிடுகிறது. வட்டத்தில் ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. முன்னால் இருப்பவருக்கு முகம் தெரிந்தால் பின்னால் இருப்பவருக்கு முதுகு தெரியும். ஆகவே முதுகும் கூத்தாட வேண்டும். ஆடுபவர் தன் பாட்டைத் தானே பாட வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்திய காலத்தில், நள்ளிரவு தாண்டியும் அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும். மூச்சு வாங்குகிறதா, தரு என்ற பாட்டு முடிகிற இடத்தில் கால் சரியாக வந்து விழுகிறதா என்று கவனிப்பவர்களில் பாதிப்பேர் தங்கள் இளமையில் அதே வேடம் கட்டியவர்கள். இப்படியொரு நடுவர் குழு எந்தப் போட்டிக்கும் கிடைக்காது.

அந்த இரவுக்குப் போகும் வழியும் நீண்டது. ஆளுக்குரிய பாத்திரத்தைத் தீர்மானித்து அதற்கான பாட்டும் வசனமும் அடங்கிய சட்டத்தைக் கொடுத்தல், பிறகு சதங்கை அணிதல், வாராந்த ஒத்திகையான கிழமைக் கூத்து, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடுதல். சட்டம் கொடுக்கும் நாள்தான் ஊரில் மனத்தாங்கல்கள் முளைக்கும் நாளும்: யாருக்கு அரசன் வேடம், யாருக்குச் சேவகன் என்பதில் குரலும் உடல்வாகும் மட்டும் பேசியதில்லை, குடும்பத்தின் செல்வாக்கும் பேசியது. மரபைப் புகழும் மலர்கள் இதை ஏனோ தவிர்த்துவிடுகின்றன.

இந்த இரு மோடிகள் தவிர, வசந்தன், மகிடி, பறைமேளக்கூத்து, விலாசம் என்ற வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும். மன்னாரிலே கத்தோலிக்கக் கூத்தை வடபாங்கு, தென்பாங்கு என்று பிரிப்பார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கலாம். அதை நம் மோடிகளோடு ஒன்றென்று எடுத்துக்கொண்டு இடறியவர்கள் உண்டு.

களரியிலிருந்து கூத்து மேடைக்கும் போனது. 1962இல் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு வடமோடிக் கூத்தான கர்ணன் போரை மேடையேற்றினார். பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். அடுத்து தென்மோடியில் நொண்டி நாடகம். அதே வளாகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தின் உறவான 'நாடகம' என்ற சிங்கள மரபிலிருந்து 1956இல் மனமே என்ற நாடகத்தை உருவாக்கியிருந்தார். அந்த உந்துதல் இல்லாமல் கர்ணன் போர் வந்திருக்குமா என்பது சந்தேகம். விடியவிடிய நடக்கும் கூத்து ஓரிரண்டு மணித்தியாலமாயிற்று. வட்டக்களரி, ஒரு புறம் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. நடிப்பும் உணர்வும் கூர்மை பெற்றன. அந்த வழியில் விளைந்த உச்சம் இராவணேசன். எழுதியதும் இராவணனாக ஆடியதும் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. பின்னாளில் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற ஆய்வைத் தந்தவரும் அவரே.

இராவணேசனைக் கூத்து என்று சொல்லலாமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கூத்திலிருந்து பிறந்த புதிய நாடகம் என்பேன் நான். அப்படிச் சொல்வதால் அதற்கு ஒரு குறையுமில்லை. மறுபக்கத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம், கூத்தை நகரத்துக்குக் கொண்டுபோகாமல் ஊருக்குள்ளேயே வைத்து, அண்ணாவிமாரையும் ஊர்மக்களையும் உட்காரவைத்துப் பேசியது. எந்தப் பாத்திரத்தை எப்படிக் காட்டுவது, பெண்கள் ஏன் ஆடக்கூடாது என்ற கேள்விகள் களரியிலேயே எழுந்தன. ஆண்களே பெண்வேடம் கட்டிய மரபில் இது சின்ன விடயமல்ல.

தமிழ்த்தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்துக்கும் இடமுண்டு. உடுப்பின் மினுக்கத்துக்குப் புள்ளி அள்ளிக் கொடுக்கும் நடுவர்களிடம் எனக்கு இரண்டே வேண்டுகோள். ஆடுகிற பிள்ளை தானே பாடுகிறதா, அல்லது பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் குரலுக்கு வாயசைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மத்தளத்தையும் சதங்கையையும் மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் எந்த மோடி என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.