காணாமல் போன ‘நாங்கள்’

அப்பாவின் பயணக்கட்டுரையை டைப் செய்து கொடுக்கும் வேலை போன மாதம் என் தலையில் விழுந்தது. அம்பத்தூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் கொண்டுவருகிறது. அக்காவின் பிரசவத்துக்காக ஜெர்மனி போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த அப்பாவிடம், “சார், உங்க அனுபவத்த மூணு பக்கத்துல எழுதிக் குடுங்க” என்று சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார். அப்பா 40 பக்க நோட்டையே நிரப்பிவிட்டார். எஸ்டேட்டில் 34 வருடம் லேத் ஓட்டியவர். எழுத்தும் அளவெடுத்துக் கடைந்த மாதிரிதான் இருக்கும்.

ஆரம்பம் இப்படிப் போகிறது: நானும் என் மனைவியும் புறப்பட்டோம், நாங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினோம், அங்கிருந்து நாங்கள் ரயிலில் ஸ்டுட்கார்ட் போனோம். நாலாம் பக்கத்தில் சாலைகளும் ரயில்களும் வந்ததும் ‘நாங்கள்’ குறைகிறது. ஆறாம் பக்கத்தில் ‘நாம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் எப்போது மாறுவோம், நாம் ஏன் வரிசையில் நிற்பதில்லை, நாம் அவர்களிடம் கற்க வேண்டியவை என்ன. டைப் செய்து முடித்ததும் தொழில்புத்தியில் ‘மனைவி’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். இரண்டே இடம். ஒன்று கிளம்பும்போது, இன்னொன்று திரும்பும்போது. நடுவில் அம்மா ஜெர்மனியில் இறங்கவே இல்லை போல.

இதை ஒரு வீட்டுக் குறையாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. தமிழில் பயணக்கட்டுரை படித்து வளர்ந்தவன் என்ற முறையில் இது எனக்குப் பழகிய வழுக்கல்.

*

தமிழுக்கு இரண்டு ‘நாம்’ உண்டு என்பது நமக்குத் தெரியும். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’. பயணக்கட்டுரையில் இந்த இலக்கண வித்தியாசம் ஒரு அரசியலாகவே ஆகிவிடுகிறது. ‘நாங்கள்’ என்று எழுதும்போது எழுதுபவர் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்கிறார். அவரும் அதே தெருவைப் பார்த்தவர், “அப்படி இல்லையே” என்று சொல்லக்கூடியவர். ‘நாம்’ என்று மாறிய கணம் பக்கத்தில் நின்றவர் போய், அந்த இடத்தில் வாசகர் வந்துவிடுகிறார். வாசகர் அந்த ஊருக்குப் போனவரல்ல. மறுத்துப் பேச முடியாது, தலையாட்டத்தான் முடியும். “அங்கெல்லாம் சுத்தம், நம்ம ஊர்ல பாருங்க” என்ற வாக்கியம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதைத்தான் நாம் ‘மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்’ என்று பாராட்டுகிறோம்.

நம் முன்னோடி ஏ.கே. செட்டியாரிடம் இந்த நோய் கிடையாது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வந்த புத்தகம். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர் அவர். அந்தப் படமும் 1940இல்தான் வெளியானது. இவ்வளவு சுற்றிய மனிதர் எழுத்தில் தன்னை ஓரமாக வைத்துக்கொண்டார். சின்னச் சின்ன வாக்கியம், மெல்லிய கிண்டல், அவசரத் தீர்ப்பு கிடையாது. துணைக்கு வந்தவரைக் காணோமே என்று அவரிடம் கேட்க முடியாது. அவரே அதிகம் இல்லை.

பிறகு மணியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ போன்ற தொடர்கள் வெளிநாட்டை நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தன. அன்றைக்கு விமானம் ஏறுவது லட்சத்தில் ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு. போனவர் போகாதவர்களுக்காகப் பார்த்து வந்தார். ஆகவே ‘நாம்’ என்று பேச அவருக்கு ஓர் உரிமை இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் தலைமுறை பயணக்கட்டுரை என்றால் இதுதான் என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

‘நாங்கள்’ முழுசாக உயிரோடு இருக்கும் ஒரு தமிழ்ப் பயண நூல் உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’, 1971. வெளிநாடு அல்ல, காவிரிக்கரைதான். ஆனால் இரண்டு பேர் பார்த்த நதி அது. அதுவும் இரண்டு ஆண் நண்பர்களின் ‘நாங்கள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து போய், இருவர் பார்வையும் சம அளவில் பதிவான புத்தகம் எது என்று நண்பர்கள் நாலைந்து பேரிடம் கேட்டேன். எல்லோரும் யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது அசோகமித்திரனின் ‘ஒற்றன்’. அமெரிக்காவின் அயோவா நகரத்தில், பல நாட்டு எழுத்தாளர்களோடு அவர் கழித்த மாதங்களிலிருந்து உருவான நாவல். அதில் அவர் அமெரிக்காவுக்கு மார்க் போடவில்லை. தன்னைப் போலவே ஊரைவிட்டு வந்து குளிரில் மாட்டிக்கொண்ட மற்ற நாட்டுக்காரர்களைப் பார்க்கிறார். தன் சங்கடத்தையும் அசட்டுத்தனத்தையும் மறைக்கவில்லை. ஆகவே அவர் அடுத்தவரைப் பற்றிச் சொல்வதும் நம்பும்படி இருக்கிறது. ஒளிவில்லாமல் எழுதுவது என்றால் எனக்கு இந்த அர்த்தம்தான்: அடுத்தவன் மேல் தீர்ப்புச் சொல்வதற்கு முன், நான் எங்கே நின்றுகொண்டு பார்த்தேன் என்று சொல்லிவிடுவது.

*

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிற ஜோடி என்றால் தேனிலவு ஜோடி ஞாபகத்துக்கு வரலாம். எங்கள் தெருவில் நான் பார்ப்பது வேறு ஜோடி. அறுபதைத் தாண்டியவர்கள். பெட்டியில் சுக்கு, பிரசவ லேகியம், வறுத்து அரைத்த பொடிகள். ஜெர்மனி என்றால் விசா 90 நாள், அமெரிக்கா என்றால் ஆறு மாதம் வரை. பயணம் என்று நாம் அழைப்பதில் பாதி, சம்பளமில்லாத வேலை. அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மா எழுதவில்லை. ஆனால் தினமும் ராத்திரி எனக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். அப்பாவின் நோட்டை டைப் செய்தபோது அவற்றை மறுபடி கேட்டேன். ஒரே ஊரைப் பற்றிய இரண்டு புத்தகம் போல இருந்தது.

அப்பா எழுதுகிறார்: ஜெர்மானியர் சுத்தத்தை உயிராகக் கருதுபவர்கள், மாடிப்படியில் ஒரு தூசு இல்லை. அம்மா சொன்னது: “படிக்கட்ட முறை வச்சுப் பெருக்கணும்டா. யார் முறையோ அவங்க வீட்டுக் கதவுல ஒரு அட்டை மாட்டிட்டுப் போயிடுறாங்க. அக்காவால குனிய முடியல, மாப்பிள்ள ஆபீஸ் போயிட்டாரு. இந்த வாரம் ஜெர்மனி சுத்தமா இருந்துச்சுன்னா நான் பெருக்கினதாலதான்.” ஸ்டுட்கார்ட் பகுதியில் அந்த வழக்கத்துக்குக் கேர்வோகே என்று பேர், பெருக்கும் வாரம். அப்பாவுக்குச் சுத்தம் ஒரு தேசத்தின் குணமாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அது ஒரு முறைப்பட்டியல்.

இன்னொன்று. கடைகளில் காலி பாட்டிலைத் திருப்பிப் போடும் இயந்திரம் பற்றி அப்பா ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். ஒருமுறை உபயோகிக்கும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு, பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். 2003இலிருந்து அங்கே சட்டம். நல்ல ஏற்பாடுதான். அம்மா அதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். “ஸ்டேஷன் வாசல்ல ஒரு பெரியவர். நல்ல கோட்டுதான் போட்டிருக்காரு. குப்பைத்தொட்டில டார்ச் அடிச்சு, கைய விட்டு பாட்டில் தேடுறாரு. உங்கப்பா வயசு இருக்கும். அவர் வெக்கப்படுவாரேன்னு நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன்.” நம் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பெரியவரைத் தாண்டிப் போய் இயந்திரத்தைப் படம் எடுத்திருப்பார்கள். நானும்தான்.

அம்மாவின் பார்வை எல்லாமே சரி என்று சொல்ல வரவில்லை. “இங்க யாருக்கும் பாசமே இல்ல” என்று முதல் வாரமே தீர்ப்பு எழுதியவள்தான். குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பது அங்கே இன்ஷூரன்சில் சேர்த்தி. ஆரம்ப நாட்களில் தினமும் வந்திருக்கிறார். தினம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம் என்று அவர் சொல்ல, அம்மாவுக்குக் கோபம். பத்து நாள் கழித்து வந்த ஆடியோவில் குரல் இறங்கியிருந்தது. “அந்தப் பொண்ணு குழந்தையத் தூக்குற விதத்துல தெரியுதுடா, கை பழகின கை. எங்க ஆயா மாதிரி.” மூன்று மாதத்தில் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது அம்மா மட்டும்தான். அப்பாவின் நோட்டில் முதல் நாள் எழுதிய ஜெர்மனிதான் கடைசி நாளிலும்.

*

அப்பாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, எந்த இலக்கிய இதழிலும் போடலாம். அக்கா வீட்டு ஜன்னலைப் பற்றியது. ஒரே கைப்பிடி, ஒரு பக்கம் திருப்பினால் கதவு மாதிரித் திறக்கும், மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். அந்தக் கீல் எப்படி வேலை செய்கிறது, எடை எங்கே இறங்குகிறது, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் இருக்கலாம் என்று எழுதுகிறார். அந்தப் பக்கத்தில் ‘நாம்’ இல்லை. நம் ஊர் ஒப்பீடு இல்லை. தன் வாழ்நாள் முழுக்க இரும்பைத் தொட்ட ஒரு ஆள், இன்னொரு ஊரில் முகம் தெரியாத ஒரு ஆள் செய்த வேலையைத் தொட்டுப் பார்க்கிறார். அம்மாவுக்கு மருத்துவச்சியின் கை எப்படியோ, அப்பாவுக்கு அந்தக் கீல் அப்படி. இரண்டு பேருமே தங்களுக்குத் தெரிந்த வேலை வழியாகப் பார்க்கும்போது தீர்ப்பு சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் மற்ற பக்கங்களில் ஏன் அந்தப் பிரசங்கக் குரல்? டைப் செய்யும்போது எரிச்சலாக இருந்தது. இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அங்கே அவருக்குப் பாஷை தெரியாது, வேலை கிடையாது. டிக்கெட் மகள் எடுத்தது, பஸ் பாஸ் மருமகன் எடுத்தது. வீட்டில் அம்மாவுக்காவது அடுப்படி இருந்தது, அவளில்லாமல் நடக்காது. அப்பா மூன்று மாதம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். இதை எழுத முடியாதவர் ‘நாம் கற்க வேண்டியவை’ என்று எழுதினால் அதில் ஒரு தற்காப்பு இருக்கிறது. யார் செலவில் போனோம் என்பதை நம் பயணக்கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதைச் சொன்னால் குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

கொச்சி விஜயன், மோகனா தம்பதியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கடவந்திராவில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்ன டீக்கடை. தினம் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, போய் வந்து கடனை அடைத்து, மறுபடி கிளம்பியவர்கள். 2007இலிருந்து 25 நாடுகளுக்கு மேல். அவர்களைப் பற்றி ‘இன்விசிபிள் விங்ஸ்’ என்று ஹரி எம். மோகனன் ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2021இல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில், நவம்பரில், விஜயன் காலமானார். அவர்கள் கதையை யார் சொன்னாலும் கல்லாப்பெட்டியில்தான் தொடங்க வேண்டும். இரண்டு பேரும் நின்று உழைத்த கடை, இரண்டு பேரும் அடைத்த கடன். ஆகவே அங்கே ‘நாங்கள்’ என்ற சொல் தொலைய வழியில்லை. ஆனாலும் செய்தித்தாள் தலைப்புகளில் பல, டீக்கடைக்காரர் மனைவியோடு உலகம் சுற்றினார் என்றுதான் ஆரம்பித்தன.

*

மலரில் அப்பாவின் மூன்று பக்கத்தோடு அம்மாவின் ஆடியோவிலிருந்து ஒரு பக்கம் சேர்க்கலாமா என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “படி பெருக்கினதெல்லாம் போடுவியா? அக்கா வீட்டுக்குப் போய் வேல பாத்தோம்னு நெனைக்க மாட்டாங்களா?” என்றார். நான் எதிர்பார்த்தது இதைத்தான். எதிர்பார்க்காதது அம்மாவின் பதில்.

“வேணாம்டா. எண்ணெய்க் குளியல் சண்டைல உங்கக்கா அந்தப் பொண்ணு பக்கம் பேசினா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அதச் சொல்லாம நான் ஜெர்மனியப் பத்தி என்ன சொல்ல? அதச் சொன்னா அவளுக்கு வலிக்கும்.”

இதுவரை எழுதிய என் விமர்சனத்தில் இந்த இடத்துக்கு இடமில்லை. பெண்கள் பயணக்கட்டுரையிலிருந்து விடுபட்டதற்கு எழுதிய ஆண்கள் காரணம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அது உண்மைதான். கூடவே இதுவும் இருந்திருக்கலாம்: ஒளிக்காமல் சொன்னால் அடுத்த நாட்டுக்காரனுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டில் ஒருவருக்கு வலிக்கும் என்று தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ‘அவர்கள்’ பற்றித் துணிச்சலாக எழுதுவது நமக்கு எளிது. ‘நாங்கள்’ பற்றி எழுதத்தான் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டேன். இந்தக் கட்டுரையை முதலில் அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள், அம்மாவிடம்தான். ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு எனக்கு ஒரு வரி வந்தது: “போட்டுக்கோ. ஆனா அப்பாவோட ஜன்னல் பக்கத்த மலர்ல விட்டுடாத.”

மூன்று பக்கத்தில் முதல் பக்கம் அதுதான்.