எதைச் சேர்ப்பது, எதை விட்டுவிடக் கூடாது

ட்ரவுட், சால்மன் போன்ற மீன்களை ஏமாற்ற, தூண்டில் முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டும் பொய்ப்பூச்சிக்கு ஃப்ளை என்று பெயர். ஒவ்வொரு ஃப்ளைக்கும் ஒரு கட்டுமுறை உண்டு. முள் என்ன அளவு, வாலுக்கு எந்த இறகு, உடலுக்கு எந்த மயிர், எதற்குப் பின் எதைச் சுற்ற வேண்டும் என்று அது சொல்லும். இப்படிப்பட்ட கட்டுமுறைகளை ஒன்றுதிரட்டி, பெயரையோ பூச்சியையோ தட்டினால் உடனே வந்து நிற்கும்படி இணையத்தில் தரவுத்தளம் அமைப்பது தூண்டில் ஆர்வலர்களின் நெடுநாள் ஆசை. ஆசை நியாயமானது; பயனும் பெரிது. ஆயினும் ஒரு ஃப்ளையை எப்படிக் கட்டுவது என்பதில் இத்தகைய தொகுப்புகள் காட்டும் அக்கறையை, அதை யார், எந்த ஆற்றுக்காக, எந்தப் பூச்சியைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதில் காட்டுவதில்லை. அதைக் கேட்காத தொகுப்பு வளர வளரக் குழப்பமும் வளரும்.

தொகுக்கும் வழக்கம் கணினியோடு வந்ததன்று. 1496-இல் இங்கிலாந்தில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூலிலேயே 12 ஃப்ளைகள் மாதவாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. 1836-இல் ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ், ஃப்ளைகளை அவை போலிசெய்யும் பூச்சிகளின் அறிவியல் பெயர்களோடு இணைத்துப் புத்தகம் எழுதினார். 1950-இல் வந்த எட்சன் லெனார்டின் நூலில் 2,200 கட்டுமுறைகள் அகராதிபோல் அடுக்கப்பட்டிருந்தன. இவை எல்லாவற்றிலும் இன்றைய தரவுத்தளக்காரர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது 1892-இல் மேரி ஆர்விஸ் மார்பரி வெளியிட்ட தொகுப்பு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்விஸ் நிறுவனத்தின் ஃப்ளை கட்டும் பிரிவை நடத்தியவர் அவர். ஒரே ஃப்ளையை ஊருக்கு ஒரு பெயரால் கேட்டால் கடையில் எதை எடுத்துக் கொடுப்பது? பெயர்களை ஒழுங்குபடுத்தியாக வேண்டிய தேவை வியாபாரத்திலிருந்தே பிறந்தது. பல மாநிலத்துத் தூண்டில்காரர்களிடமிருந்து வந்த கடிதங்களே அவருக்குக் கச்சாப் பொருள். வண்ணப் படங்களோடு பெயர்களை நிலைநிறுத்தியவர், அந்தக் கடிதங்களையும் நூலிலேயே சேர்த்து அச்சிட்டார். அதனால் படத்தைப் பார்க்கும் வாசகருக்கு, அந்த ஃப்ளையை இன்ன ஆற்றில் இன்ன பருவத்தில் ஒருவர் நம்பிப் பயன்படுத்தினார் என்பதும் தெரிந்தது.

தரவுத்தளத்தின் வலிமைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். புத்தகத்துக்கு ஒரே ஒரு வரிசைதான் இருக்க முடியும். மாதப்படி அடுக்கினால் பூச்சிப்படி தேட முடியாது. பூச்சிப்படி அடுக்கினால் பொருளை வைத்துத் தேட முடியாது. தரவுத்தளத்தில் எல்லா வாசல்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. ஆற்றுக் கல்லைப் புரட்டி அடியில் கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சியின் புழுவைக் கண்டவர், அந்தப் பூச்சி, அந்தப் பருவம், 16-ஆம் எண் முள் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம். வீட்டில் பெசன்ட் கோழியின் வால் இறகு மட்டும் வைத்திருப்பவர், அதைக் கொண்டு என்னென்ன கட்டலாம் என்று கேட்கலாம். இன்னொரு நன்மை இதைவிடப் பெரியது. எந்தப் பதிப்பாளரும் சீண்டாத சிற்றாறுகளில், உள்ளூரார் தங்களுக்குள் கைமாற்றி வந்த கட்டுமுறைகளுக்கு முதல்முறையாக ஓர் இடம் கிடைக்கிறது. ஒருவரின் காலத்தோடு மறைந்துபோகக் கூடிய கைவேலை பொதுச்சொத்தாகிறது.

குறைகள் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. பெசன்ட் டெயில் நிம்ஃப் உலகெங்கும் புழங்கும் ஃப்ளை. தென் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது; 1958-இல் வந்த அவருடைய நூலால் பரவியது. அவர் கட்டியதில் பெசன்ட் வால் இழையும் மெல்லிய செப்புக் கம்பியும் தவிர வேறெதுவும் இல்லை, நூல்கூடக் கிடையாது. கம்பியே நூலாகவும் எடையாகவும் வேலை செய்தது. கம்பியைச் சுற்றிச் சுற்றியே மார்புப் பகுதியின் திமிலையும் உருட்டினார். கால்கள் வைக்கவில்லை. நீந்தும் இளம்பூச்சி கால்களை உடலோடு ஒட்டிக்கொள்வதை அவர் பார்த்திருந்தார். அதே பெயரில் அமெரிக்காவில் பரவிய வடிவத்தில் மயில் இறகு மார்பும் இழைக் கால்களும் சேர்ந்தன. பிறகு தலையில் உலோக மணி வந்தது. முதுகில் மினுக்குப் பட்டை வந்தது. பெயரைத் தட்டினால் எல்லாம் ஒரே பட்டியலாக வந்து விழுகின்றன. எது எதிலிருந்து கிளைத்தது, ஏன் மாறியது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சாயர் அதைத் தண்ணீரில் ஆழ இறக்கி, மீனுக்கு முன்னால் கோலை உயர்த்தி மேலெழச் செய்து பிடித்தார் என்பதற்கும் இடமில்லை. அந்த ஃப்ளைக்குக் கால்கள் இல்லாததன் காரணம் அந்த அசைவில்தான் இருக்கிறது.

பூச்சிப் பெயரை நம்பித் தேடினாலும் இதே கதைதான். ‘ப்ளூ விங்ட் ஆலிவ்’ என்பது பிரிட்டனில் மரபாக ஒரு பூச்சி. அமெரிக்காவில் பெரும்பாலும் பேட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு பூச்சிகள். மாதம் இன்னும் மோசம். மார்ச் மாதத்துக்கு உகந்தவை என்று கேட்டால், இங்கிலாந்தின் இளவேனிலுக்கான ஃப்ளைகள் வரும். 1864-இல் ட்ரவுட் முட்டைகள் கப்பலில் போய்ச் சேர்ந்த டாஸ்மேனியாவில் மார்ச் என்பது இலையுதிர் காலத்தின் தொடக்கம். ஊர் தெரியாத மாதம் அங்கே தவறான வழியைத்தான் காட்டும்.

எண்கள் துல்லியமானவை என்ற நம்பிக்கையும் இங்கே ஏமாற்றும். முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும். அது பழக்கத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 14-ஆம் எண்ணும் மற்றொன்றின் 14-ஆம் எண்ணும் நீளத்திலும் வாய் அகலத்திலும் ஒத்திருக்க வேண்டியதில்லை. நூலிலும் 8/0 என்ற குறி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு தடிமன். 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்லும் டெனியர் மட்டுமே ஓரளவு பொது அளவு. தயாரிப்பாளர் பெயரையோ மில்லிமீட்டர் அளவையோ கேட்காமல் எண்ணை மட்டும் வாங்கி வைக்கும் தரவுத்தளம், குத்துமதிப்பைத் துல்லியம்போல் காட்டுகிறது.

படங்களுக்கும் இது பொருந்தும். இடுக்கியில் பிடித்த ஃப்ளையைப் பக்கவாட்டில், பளிச்சென்ற பின்னணியில் எடுத்த புகைப்படமே எங்கும் வழக்கம். கட்டுபவரின் கைத்திறனைக் காட்ட அது நன்று. மிதக்கும் ஃப்ளையை மீன் கீழிருந்து, வானத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கிறது. நனைந்த நிலையில் கீழிருந்து எடுத்த ஒரு படத்தையும் கட்டாயமாக்கினால், அழகான ஃப்ளைகளில் பலவற்றின் மதிப்பெண் குறையும்; முரட்டுக் கட்டு சிலவற்றின் மதிப்பெண் ஏறும்.

பின்னணி இழந்த பதிவு எவ்வளவு தேறும் என்பதை, இந்தக் கலையோடு தொடர்புடைய ஒரு குற்றமே காட்டிவிட்டது. 2009-இல் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. திருடியவர் விக்டோரியா காலத்துச் சால்மன் ஃப்ளைகளைக் கட்டுவதில் தேர்ந்த இளைஞர். பழைய நூல்கள் அரிய வெப்பமண்டலப் பறவைகளின் இறகுகளைக் கேட்டன. அதே இறகுக்கு ஆர்வலர்களிடையே நல்ல விலையும் இருந்தது. தோல்களில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. மீண்டவற்றிலும் பல, காலில் கட்டியிருந்த சீட்டை இழந்திருந்தன. எங்கே, எப்போது, யார் சேகரித்தது என்ற அந்தச் சீட்டு போனபின் இறகின் நிறம் மங்கவில்லை. ஆய்வாளருக்கு அதன் பயன்தான் பெருமளவு போய்விட்டது. கட்டுமுறைக்கும் அப்படியொரு சீட்டு தேவை.

இதே நிகழ்ச்சி தரவுத்தளத்தின் பொறுப்பையும் நினைவூட்டுகிறது. பொருள் பட்டியலை அப்படியே வெளியிடுவது சந்தைக்கு ஆளனுப்புவதும்தான். ஜாக் ஸ்காட் போன்ற மரபுச் சால்மன் ஃப்ளைகளின் பக்கங்களில் பளபளக்கும் மெழுகுப் பொட்டு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. வெளிநாடுகளில் சட்டப்படி விற்பனையாவது அங்கே பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகு. மூல இறகின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் சட்ட நிலையையும் மாற்றுப் பொருளையும் காட்டாத தொகுப்பு, வரலாற்றைப் பேணுவதாகச் சொல்லிக்கொண்டு வேட்டைக்குத் துணைபோகும் ஆபத்து உண்டு.

மறுதரப்பின் வாதமும் வலுவானதே. தூண்டில்காரருக்கு வேண்டியது மீன். மீனுக்கு வரலாறு தெரியாது. கேள்விகளைக் கூட்டினால் யாரும் பதிவேற்ற மாட்டார்கள். கடைசிக் கவலை உண்மை. இருபது கட்டங்களை நிரப்பச் சொன்னால் தன்னார்வலர் பாதியில் எழுந்து போவார். அதனால் கட்டாயம் மூன்றே போதும்: கட்டியவர் யாரிடம் அல்லது எதிலிருந்து கற்றார், எந்த நீர்நிலையில் பயன்படுத்தினார், எந்த மாதத்தில். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிவுகளை ஒன்றாக்காமல், ‘இதிலிருந்து மாறியது’ என்ற இணைப்பை மட்டும் இடலாம். முள்ளுக்குத் தயாரிப்பாளர் பெயரும் நூலுக்கு டெனியரும் கேட்கலாம். சரியான வடிவம் எது என்று தீர்ப்பளிக்கும் வேலையைத் தொகுப்பாளர் கையிலெடுக்காமலிருப்பது நல்லது. அவருடைய அதிகாரம் பெயர்க் குழப்பத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்கட்டும்.

மீனுக்கு வரலாறு தெரியாது என்ற வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஊரும் மாதமும் அறிந்த கட்டுமுறைதான் மீனையும் பிடிக்கும். ஆகவே இங்கே வரலாற்று ஆசையும் நடைமுறைத் தேவையும் கேட்பது ஒரே தகவலை. விரைவாகத் தேட முடிவதை மட்டும் சாதனையாகக் கொள்ளும் தரவுத்தளம், லெனார்டின் 2,200-ஐத் தாண்டிப் பல மடங்கு பெருகினாலும், மார்பரி கடிதங்களை வைத்துச் சாதித்ததற்குப் பின்தங்கியே நிற்கும்.