அவன் தூங்கியபின் அவள் எடுத்த பத்திரிகை

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. போன வாரம் ரிலீஸ் வேலை முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை கொலைகாரனை விட்டுவிட்டு கிரேஸ் கெல்லியை மட்டும் கவனித்தேன். கடைசிக் காட்சியில், இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தூங்குகிறார். பக்கத்தில் கெல்லி இமயமலை பற்றிய புத்தகம் ஒன்றை வாசிக்கிறார். அவர் தூங்கிவிட்டதை ஒரு பார்வையில் உறுதிசெய்துகொண்டு, புத்தகத்தை வைத்துவிட்டு ஃபேஷன் பத்திரிகையைப் பிரிக்கிறார். அவ்வளவுதான், படம் முடிந்தது.

கெல்லியின் வாழ்க்கையை நாம் இரண்டே விதமாகத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். பிலடெல்பியாவின் செங்கல் கட்டுமானத் தொழிலதிபர் மகள், ஹாலிவுட் தேவதை, 1955 கான் விழாவுக்குப் போன இடத்தில் மொனாக்கோ இளவரசர் மூன்றாம் ரெய்னியரைச் சந்திக்கிறார், அடுத்த ஏப்ரலில் கல்யாணம். இது முதல் கதை. தங்கக் கூண்டு, பூட்டிய நடிப்பு, 1982இல் மலைச்சாலையில் விபத்து. இது இரண்டாவது. ஒன்று கல்யாண ஆல்பம், இன்னொன்று ஒப்பாரி. இரண்டிலும் ஒரு விஷயம் காணாமல் போகிறது: அவர் செய்த வேலை.

1951 முதல் 1956 வரை மொத்தம் 11 படங்கள். 'தி கன்ட்ரி கேர்ல்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கும்போது வயது 25. ஆனால் அவர் திறமைக்கு அந்தப் படத்தை உதாரணம் காட்ட மாட்டேன். அதில் கண்ணாடியும் தொளதொளத்த ஸ்வெட்டரும் பாதி நடிப்பைப் பார்த்துக்கொள்கின்றன. 'ரியர் விண்டோ'வில் பாருங்கள். கொலைகாரன் வீட்டில் மாட்டிக்கொண்ட லிசா, முதுகுக்குப் பின்னால் விரலை ஆட்டி, எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கல்யாண மோதிரத்தைக் காட்டுகிறாள். கொலைக்கான சாட்சியம் அந்த மோதிரம். தன்னைக் கட்டிக்கொள்ளத் தயங்கும் காதலனுக்குத்தான் அதைக் காட்டுகிறாள். பயம், வெற்றி, குறும்பு மூன்றும் ஒரு விரலசைவில். இவரைப் போய் 'அழகான பனிக்கட்டி' என்றார்கள்!

'தி ஸ்வான்' 1956 ஏப்ரலில், கல்யாணச் சமயத்தில் வெளியானது. பட்டத்து இளவரசனுக்காகத் தயார்செய்யப்படும் அலெக்சாண்ட்ராவாக கெல்லி. வீட்டு ஆசிரியர்மீது காதல் வருகிறது, நிறைவேறவில்லை. கடைசியில் இளவரசன் அலெக் கின்னஸ், ஏரியிலேயே இருந்தால்தான் அன்னத்துக்கு மரியாதை, கரையேறினால் அது வெறும் வாத்து என்கிற பொருளில் பேசி, அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறார். விதி முன்கூட்டியே எழுதிய திரைக்கதை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. விதி எழுதவில்லை, எம்.ஜி.எம். விளம்பரத் துறைக்கு நல்ல நேரம், அவ்வளவே. கல்யாணப் புடவைக்குச் சமமான அந்த வெள்ளை கவுனை வடிவமைத்தவர் எம்.ஜி.எம்.மின் ஹெலன் ரோஸ். கல்யாணத்தைப் படம்பிடித்ததும் அதே கம்பெனிதான். நிஜக் கல்யாணத்தையும் ஸ்டுடியோ தன் தயாரிப்பாகவே நடத்தியது.

விபத்துக்கும் இதே ஜோசியம்தான். 'டு கேட்ச் எ தீஃப்' படத்தில் அந்த வட்டாரத்து மலைச்சாலையில் அவர் வேகமாகக் கார் ஓட்டுவதைக் காட்டி, 'பார்த்தீர்களா' என்பார்கள். காரோட்டும்போது அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது என்பது மருத்துவர்கள் சொன்ன காரணம். வயது 52. அதில் கவித்துவம் ஒன்றுமில்லை.

உண்மையான நாடகம் 1962இல் நடந்தது. ஹிட்ச்காக் 'மார்னி'க்கு அழைக்கிறார், கெல்லி ஒப்புக்கொள்கிறார், அரண்மனையே அறிவிக்கிறது. மொனாக்கோ மக்கள் தங்கள் இளவரசி திருடியாக நடிப்பதை விரும்பவில்லை. வரி விவகாரத்தில் த கோல் அரசோடு மோதல் வேறு. அவர் விலகினார், டிப்பி ஹெட்ரன் நடித்தார். நிக்கோல் கிட்மன் நடித்த 'கிரேஸ் ஆஃப் மொனாக்கோ' (2014) இந்த வருடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு விருந்தில் அவர் உருக்கமாகப் பேசி நாட்டையே காப்பாற்றுவதாக முடிக்கிறது. மொனாக்கோ அரச குடும்பம் படத்தை நிராகரித்தது. என் புகார் வேறு. பிடித்த வேலையை ஒருத்தி விட்டுக்கொடுத்ததை, அதைவிடப் பெரிய வேடம் கிடைத்ததாகப் படம் மாற்றிவிடுகிறது. இழப்பை இழப்பாகச் சொல்ல அதற்குத் தைரியம் இல்லை.

எனக்கும் இருந்ததில்லை. எங்கள் டீமில் எல்லாரையும்விட நன்றாகக் கோடு எழுதிய பெண், கல்யாணம் முடிவானதும் ராஜினாமா செய்தார். வழியனுப்பு மெயிலில் 'புதிய இன்னிங்ஸுக்கு வாழ்த்துகள்' என்று எழுதியது நான்தான். 'விட மனசிருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார், தெரியாது. சந்தோஷமாகவே போயிருக்கலாம். கேட்காமலே கதையை முடித்ததுதான் தப்பு.

கெல்லியும் முழுசாகத் தோற்றவர் இல்லை. 1976இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டு எடின்பரோ விழா மேடையில் கவிதை வாசித்தார். அடுத்த ஆண்டு, ரஷ்ய பாலே பள்ளி ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தார். பழைய உயரத்தோடு ஒப்பிட்டால் சின்ன விஷயங்கள். ஆனால் கையில் பிடித்திருக்கச் சொன்ன புத்தகத்தைக் கொஞ்சநேரம் கீழே வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துப் பிரித்திருக்கிறார். லிசா செய்ததும் அதுதான்.