காய்களைக் கடைந்தவர் யார்?

புளியறை செக்போஸ்ட்டில் மரலாரி காட்டுகிற சீட்டில் மரத்தின் இனம், அளவு, புறப்பட்ட இடம், போகிற இடம் எல்லாம் இருக்கும். வெட்டியவன் பேர் இருக்காது. பழைய சோவியத் செஸ் செட்டுகளைச் சேகரிப்பவர்களின் சொல்லாடலும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகிறது.

என்னிடமும் ஒரு பெட்டி உண்டு. 80களில் மாஸ்கோ போய்வந்த தோழர் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்தது. மடித்தால் பலகையே பெட்டி. கறுப்பு ராஜாவின் உச்சியில் வெள்ளைக் குமிழ். முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்களைப் போலவே அதுவும் எங்களுக்கு வரப்போகும் உலகின் மாதிரித் துண்டு.

சேகரிப்பாளர்கள் பெட்டியை ஒரு பிரதியாக வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பில் நுட்பம் இல்லாமலில்லை. உள்முத்திரையில் 'அர்தேல்' என்றிருந்தால் பெட்டி பெரும்பாலும் 1960க்கு முந்தியது. கூட்டுறவுப் பட்டறைகள் அந்த ஆண்டோடு ஒழிக்கப்பட்டன. அச்சிட்ட விலை 1961 நாணயச் சீர்திருத்தத்துக்கு முன்னா பின்னா என்று காட்டிக்கொடுக்கும். அன்று பத்துப் பழைய ரூபிள் ஒரு புது ரூபிளானது. ஐங்கோணத் தரக்குறி இருந்தால் 1967க்கு முன் போக வழியில்லை. ஆனால் பெயர் சூட்டும் கட்டம் வந்ததும் பட்டறை பின்னுக்குப் போய், 'போட்வின்னிக்', 'தால்' என்று ஆடியவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

தால் நமக்கு அந்நியரல்லர். சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் அவர் பெயரில் இயங்கிய கழகத்தில்தான் ஆனந்த் ஆடி வளர்ந்தார். அதே தால் பெயரைச் சேர்த்துச் சொல்லப்படும் 'மொர்தோவியன்' என்றொரு வகை உண்டு. மொர்தோவியக் கைதி முகாம்களில் கடையப்பட்ட காய்கள் அவை. வெளிநாட்டில் கதை வெளியிட்டதற்காக 1966இல் தண்டிக்கப்பட்ட சின்யாவ்ஸ்கியும் டேனியலும் அனுப்பப்பட்டது அந்த மொர்தோவிய முகாம்களுக்குத்தான்.

1922இல் நத்தாலியா டான்கோ அரசுப் பீங்கான் ஆலைக்காக ஒரு செட் வடித்தார். அதில் சிவப்புச் சிப்பாய்கள் கதிர் அறுப்பவர்கள். வெள்ளைச் சிப்பாய்கள் சங்கிலியில் கட்டுண்டவர்கள். வெள்ளை ராஜா எலும்புக்கூடு. சங்கிலி எதிரணிக்கு மட்டுமே உரியது என்றது அந்தப் பலகை. மொர்தோவியப் பெட்டி அந்த எதிர்மையைக் கலைத்துப்போடுகிறது.

இதைச் சொன்னால், 'அப்ப நீயும் அந்தப் பக்கம் போயிட்டியா?' என்பார்கள் தோழர்கள். போகவில்லை. பண்டத்துக்குள் உழைப்பு மறைந்துகிடக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் மார்க்ஸ்தான். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத் தேயிலையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். மாஸ்கோ பெட்டியிடம் கேட்கவில்லை. சேகரிப்பாளரின் மோகமும் நம்முடைய விசுவாசமும் ஒரே ஆளைத்தான் அழித்திருக்கின்றன.

சந்தை இந்த அழிப்பைத் தொடர்கிறது. இன்று 'சோவியத்' மாதிரிச் செட்டுகள் அமிர்தசரஸ் பட்டறைகளில் தயாராகி மேற்கே போகின்றன. சாம்பியன் பெயர் அவற்றுக்கும் உண்டு. கடைந்தவர் பெயர் அவற்றிலும் இல்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்த தச்சர் ஒருவர் குதிரையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'வேல நல்லாருக்கு அண்ணாச்சி. யாரு செஞ்சது?' பெட்டியைத் திறந்து காட்டினேன். முத்திரை இருந்த இடத்தில் மை அழிந்து ஒரு கறைதான் மிச்சம். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.